காற்றுக்கும் அலகு உண்டு: கொழும்பின் எரிபொருள் நிரப்பு நிலைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிலையத்தின் மூலையில், பெரும்பாலும் கழிப்பறைப் பக்கமாக, காற்று அடிக்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன் கோலத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை; நாளும் பார்ப்பவர்கள் நீங்கள். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அந்த இயந்திரம் காட்டும் எண் எந்த அலகில் என்று அதன்மேல் எழுதி வையுங்கள். பக்கத்தில் காற்றழுத்தத்தின் சர்வதேச அலகான கிலோபஸ்கால் கணக்கையும் சேர்த்து வையுங்கள்.

இதை எழுத வைத்தது என் அக்காவின் காரின் முன்டயர்கள். நகரில் ஓடும் எத்தனையோ கார்களைப் போல அதுவும் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தது. சாரதி கதவைத் திறந்தால் தூணில் சிறிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி; நமக்குப் புரிவது எண்கள் மட்டும். 230 என்று கிலோபஸ்காலில் ஓர் எண், அதையடுத்து அடைப்புக்குறிக்குள் 2.3 என்று, சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்ற பழைய கணக்கில் இன்னோர் எண். அக்கா 230 என்று கேட்டிருக்கிறார். காற்று அடிக்கும் தம்பி சிரித்துவிட்டு, தானே குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறார். 230 என்றால் டயர் வெடிக்கும், 2.3 என்றால் டயர் எழும்பாது என்று நினைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே நியாயமாகத் தோன்றிய 23ஐ அழுத்திவிட்டார்.

இயந்திரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்க வேண்டிய இடம் வெயிலில் வெளுத்து, யாரோ நாணயத்தால் சுரண்டியதுபோல் கிடக்கிறது. அந்த 23 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கு, என்று எவர் கண்டார்? கிலோபஸ்காலில் அது ஏறக்குறைய 159. தேவையானதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே குறைவு. அக்கா எப்போதும் அதே நிலையத்தில்தான் காற்று அடிப்பார். அங்கே அதன்பிறகு அந்தக் காருக்கு 23 என்பதே வழக்கமாகிவிட்டது. பஞ்சிகாவத்தையில் டயர்க் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார்: நடுப்பகுதியில் வரிகள் ஆழமாக இருக்க, இரு ஓரங்களும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில் பாரத்தைத் தாங்கும், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். அந்த டயர்களோடு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போய் வந்திருக்கிறார். இன்றைய விலையில் இரண்டு டயர் வாங்குவது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

பஸ்கால் ஏதோ ஆய்வுகூடத்தில் பூட்டி வைத்த அலகு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு நியூற்றன் விசை, அவ்வளவுதான். 1971இல் உலக நாடுகள் கூடி அதற்கு அந்தப் பெயரை வைத்தன. மிகச் சிறியது என்பதால் டயருக்கு ஆயிரம் பஸ்கால் கொண்ட கிலோபஸ்கால் வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் அதைப் பாடசாலையில் படித்துப் பரீட்சையும் எழுதுகிறார்கள். சர்வதேச அலகு முறைக்கு இந்த நாட்டில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பெற்றோலை லீற்றரில்தானே அளந்து விற்கிறீர்கள்? விலை கூடும் இரவில் பலகையிலுள்ள எண்ணை மாற்ற உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை வரிசையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு என்றீர்கள். அதுவரை அந்தப் பெயரையே கேட்டிராத முச்சக்கர வண்டிக்காரர்கள்கூடச் சில நாட்களில் பழகிக்கொண்டார்கள். காசு வாங்கும் பக்கத்தில் எல்லாம் துல்லியம். இலவசமாகக் கொடுக்கும் காற்றுக்கு மட்டும் கண்மதிப்பு. சில இடங்களில் அதுவும் இல்லை, டயரைக் காலால் ஒரு தட்டு; திருப்தி.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். புதிய இயந்திரம் வாங்கச் சொல்லவில்லை. இயந்திரத்தில் அலகை எழுதுங்கள். அருகே சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அட்டவணை ஒட்டுங்கள்: 200 கிலோபஸ்கால் என்றால் 29 பி.எஸ்.ஐ., 220 என்றால் 32, 230 என்றால் 33, 250 என்றால் 36. பார் அலகில் கேட்பவர்களுக்கு, ஒரு பார் என்பது 100 கிலோபஸ்கால் என்று ஒரு வரி போதும். ஸ்டிக்கரில் முதலில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று காற்று அடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு காலைப்பொழுதில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மானி சரியாகக் காட்டுகிறதா என்பதையும் இடைக்கிடை சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எண்ணெய் பவுசர் வந்து இறக்கும் இடைவெளியிலேயே முடிந்துவிடும் வேலை இது. தயவுசெய்து செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்