உங்க வீட்டு நாயா இருந்தா

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பையனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. போன ஞாயிறு ஏற்காட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கோடை மழை ஒன்று விழுந்ததில் காப்பிச் செடிகள் பூத்து, நாம் பள்ளிக்கூடத்துக்கு நடந்த பாதை முழுக்க வாசனை. உன் நினைவுதான்.

"உங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில், பிழைக்காத நாயை வலியில்லாமல் சாகவிடும் ஊசி போடும்போது நீயும் கூட நிற்பாயா" என்று கேட்டிருந்தாய். நிற்கிறேன். முன்காலில் முடியை மழித்து, நரம்பைப் பிடித்துக் கொடுப்பது நான்தான். முதலில் தூக்கத்துக்கு ஒரு ஊசி. நன்றாகத் தூங்கிய பிறகுதான் டாக்டர் மயக்க மருந்தை அளவுக்கு மீறி ஏற்றுவார். கண் மூடாது, மூச்சு நின்ற பிறகும் ஒருமுறை இழுக்கலாம் என்று வீட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சியே அவர்கள் மனதில் தங்கிவிடும்.

இதெல்லாம் பழகிவிட்டது. அதற்கு முந்தைய பத்து நிமிஷம்தான் இன்னும் பழகவில்லை.

மாசியில் மலையிலிருந்து ஒரு பெரியவர் தன் நாய் மணியை எடுத்துக்கொண்டு வந்தார். ஜீப் இடித்து முதுகெலும்பு முறிந்திருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் காய்கறி வேனில், அதை மடியில் வைத்தபடியே இறங்கி வந்திருக்கிறார். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினாலும் அதற்குத் தெரியவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, இனி நடப்பது கஷ்டம், யோசித்துச் சொல்லுங்கள் என்று அடுத்த அறைக்குப் போனார். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"பாவமில்லையாம்மா? உங்க வீட்டு நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஊசி போடச் சொல்லுவேன்" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மணி விஷயத்தில் நான் சொன்னது தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் போன வாரம் அவர் காப்பித்தூளோடு வந்து, "நீங்க சொன்னதாலதான் தைரியம் வந்துச்சு" என்றபோது வயிற்றைப் பிசைந்தது. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. என்னைப் போன்றவர்கள் அவர் மேற்பார்வையில் சின்னச் சின்ன உதவிகள் செய்யலாம், அவ்வளவுதான். ஆனால் டாக்டரிடம் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் எந்தச் சொல்லைப் போட்டு, எந்த முகத்தோடு சொல்கிறேனோ, அதிலேயே முடிவு சாய்ந்துவிடுகிறது.

அதனால் இப்போது நேராகப் பதில் சொல்வதில்லை. வயசான நாய், கட்டி வந்த நாய் என்று கொஞ்சம் அவகாசம் இருந்தால், தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் அதில் குறிக்கச் சொல்கிறேன். தின்றதா, தானாக எழுந்ததா, உங்கள் குரலுக்கு வாலாட்டியதா, இன்று நல்ல நாளா கெட்ட நாளா. கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போகும்போது அவர்களே போன் செய்கிறார்கள்.

"நம்ம கையால வேண்டாம், தானா போகட்டும்" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் வலி மருந்து இல்லாமல் அனுப்ப மனம் வராது. டாக்டரிடம் போய் நின்று எழுதி வாங்கிவிடுவேன். தேவையில்லாத வேதனையைத் தடுப்பது வளர்ப்பவரின் கடமை என்று 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. மூலையில் படுக்கப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பாவம் சேராது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அப்புறம், வீடு மாற்றுகிறோம் என்று நன்றாக இருக்கும் நாயைக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு டாக்டரும் நானும் முடியாது என்று சொல்லிவிடுவோம். அங்கே எங்களுக்குத் தயக்கமே இல்லை.

உன் வார்டிலும் கேட்பார்களே, "உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க சிஸ்டர்" என்று. அப்போது நீ என்ன சொல்கிறாய்? மறைக்காமல் எழுது. மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வந்தால் நேரிலேயே பேசலாம். அந்தக் காப்பித்தூளில் பாதியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி