"விழுந்துபோனார்" என்று சொல்ல வேண்டாம்

நாகர்கோவில்

கர்த்தருக்குள் அன்பான பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிறிஸ்தவ விசுவாசத்துக்காக மேடைகளில் வாதாடிப் பேர்பெற்று, 2020-ல் இறந்துபோன பிரசங்கி ரவி சக்கரியாஸின் ஸ்தாபனத்தில் முன்பு ஊழியம் செய்த மூன்று பேர் உங்கள் டொராண்டோ வாலிபர் ஐக்கியத்தில் அவரைப் பற்றிப் பேசப் போகிறார்கள், கூட்டத்தை நீதான் நடத்த வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். எதை எந்த வார்த்தையில் சொல்வது என்பதிலிருந்து ஆரம்பி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

நம் சபைகளில் ஊழியக்காரர் தப்பு செய்தால் "விழுந்துபோனார்" என்போம். வழுக்கி விழுவது ஒரு நிமிஷத்துக் காரியம். இது அப்படி நடந்ததல்ல. அட்லாண்டா பக்கத்தில் அவர் கூட்டுப் பங்காளியாக இருந்த இரண்டு ஸ்பாக்களில் வேலை பார்த்த மூன்று பெண்கள், ஏறக்குறைய ஐந்து வருஷம் அவரால் பட்ட தொல்லையை 2020 செப்டம்பரில் வெளியே சொன்னார்கள். அது தங்களுக்குத் தெரிந்த மனிதரோடு பொருந்தவே இல்லை என்றுதான் ஸ்தாபனம் முதலில் பதில் சொன்னது. பிறகு அதுவே மில்லர் அண்ட் மார்ட்டின் என்ற வக்கீல் நிறுவனத்தை அமர்த்தியது. 2021 பிப்ரவரியில் அறிக்கை வெளியானது. பன்னிரண்டே பக்கம்தான், கூட்டத்துக்கு முன் முழுவதும் வாசித்துவிடு. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை விசாரித்திருக்கிறார்கள். அவருடைய போன்களில் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள இருநூறுக்கு மேற்பட்ட மசாஜ் தொழிலாளிகளின் எண்கள் இருந்தன. இளம் பெண்களின் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு பெண் தனக்கு நடந்ததைப் பலாத்காரம் என்றே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணையும் கூட வைத்து ரவி நன்றி சொல்லி ஜெபம் பண்ணியதும், வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் நஷ்டப்படும் என்று எச்சரித்ததும் அதில் இருக்கிறது. இப்படி நடந்ததற்கு "விழுந்தார்" என்ற வினை பொருந்தாது. "செய்தார்" என்று சொல். "பயன்படுத்தினார்" என்று சொல்.

நல்லது எதையும் சொல்லக் கூடாதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். சொல்லலாம். 1946-ல் மதராஸில் பிறந்தவர், டெல்லியில் வளர்ந்தவர். பதினேழு வயதில் தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "நான் பிழைக்கிறபடியினால் நீங்களும் பிழைப்பீர்கள்" என்ற யோவான் 14:19 அவரைப் பிடித்துக்கொண்டது. 1966-ல் கனடா, 1984-ல் ஸ்தாபனம், பிறகு கேள்வி கேட்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு மேடையிலேயே பதில் சொல்கிற அந்த ஊழிய முறை. அதில் விசுவாசம் பெற்றவர்கள் பொய்யானவர்கள் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். அந்தப் பெண்கள் முதலில், ஸ்தாபனம் அதற்குப் பிறகு, அவருடைய வரம் கடைசியில். முதல் நாற்பது நிமிஷம் அவர் பேச்சின் இனிமையைச் சொல்லிவிட்டு, முடிவில் "ஆனாலும் ஒரு கறை" என்று ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் அது இரங்கல் கூட்டம்தான். அந்தக் கூட்டம் 2020 மே 29-ல் அட்லாண்டாவில் ஏற்கெனவே நடந்துவிட்டது, அமெரிக்கத் துணை ஜனாதிபதியே வந்து பேசினார்.

அவர்கள் அதிகம் பேச வேண்டியது 2017-ஐப் பற்றி. அவர்களுக்கு வலிப்பதும் அதுதான். கனடாவைச் சேர்ந்த ஒரு பெண், தன்னிடமிருந்து ஆபாசப் படங்களை அவர் கேட்டு வாங்கினார் என்று வக்கீல் மூலம் கடிதம் அனுப்பினார், இழப்பீடும் கேட்டார். ரவி அந்தப் பெண் மேலும் அவர் கணவர் மேலும் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார், அதுவும் மாஃபியாக் கும்பல்களைப் பிடிக்க 1970-ல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ். நவம்பரில் சமரசம், ரகசிய ஒப்பந்தம். டிசம்பரில் தன் பக்கத்து விளக்கத்தை ரவி அறிக்கையாகக் கொடுத்தார். மனைவி, மகள்கள் தவிர வேறு பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்பது தன் வழக்கம் என்றும் அதில் சொன்னார். ஒப்பந்தத்தால் கட்டப்பட்ட அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. ஊழியர்களிடம் வந்து சேர்ந்தது ஒரு பக்கத்துக் கதை மட்டும். அதை வைத்துக்கொண்டுதான் அவர்கள் சபை சபையாகப் போய், "அது பணம் பறிக்கும் வேலை" என்று நல்ல மனசோடு சொன்னார்கள். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த சிலர் ஒதுக்கப்பட்டார்கள். ஆகவே வருகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே போனில் கேள்: 2017-ல் நீங்கள் யாரிடம் என்ன சொன்னீர்கள், எந்தத் தாளைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்? இதற்குப் பதில் சொல்லத் தயாராக இல்லாதவர் மேடையில் உட்கார வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பதில் இல்லாவிட்டால் மிச்சப் பேச்சு முழுவதும் அவரைப் பற்றியதாகவே ஆகிவிடும், தங்களைப் பற்றி இராது.

காசு விஷயத்தையும் விடாதே. அறிக்கைப்படி, ஏழைகளுக்கு உதவி என்ற பெயரில் ஒதுக்கிய ஊழியப் பணத்திலிருந்து நான்கு மசாஜ் தொழிலாளிகளுக்கு வீடு, படிப்பு, மாதப்படி என்று நெடுநாள் போயிருக்கிறது. பல்லாயிரம் டாலர். காணிக்கை போட்டவன் அதை விதவைக்கும் அனாதைக்கும் என்று நினைத்துப் போட்டான். எந்தக் கணக்கிலும் இந்த ஓட்டை இப்படித்தான் விழும்: "விருப்பப்படி செலவிடும் நிதி" என்று ஒரு தலைப்பு, பெறுபவரைத் தேர்ந்தெடுப்பவரும் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆள், பெறுபவரைப் போய்ப் பார்த்து எழுதிய தாள் கிடையாது. தணிக்கையாளர் வவுச்சரும் வங்கி ஏடும் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார். பொருந்தத்தான் செய்யும்.

இப்படியெல்லாம் போக யார் விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிர்வாகக் குழுவில் குடும்பத்தார் இருந்தார்கள், குழுவினரின் பெயர்ப் பட்டியல் வெளியே வரவில்லை, அவருடைய மகளே தலைமை அதிகாரியாக இருந்தார். அமெரிக்காவில் திருச்சபை என்ற வரி அந்தஸ்து இருந்தால் 990 என்ற வருடாந்தரக் கணக்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியதில்லை, ஸ்தாபனம் பின்னாளில் அந்த வசதியிலும் இருந்தது. அவருக்கு முதுகு வலி நிஜமாகவே இருந்தது, ஆகவே மசாஜ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாக்கு நிஜமாக இருந்தால் சந்தேகப்படுகிறவனுக்குத்தான் வெட்கம். "டாக்டர்" என்று எல்லாரும் சொன்னது கௌரவப் பட்டங்களை வைத்து, அதையும் நெடுநாள் யாரும் கேட்கவில்லை.

தாவீது ராஜாவும் பாவம் செய்தவர்தானே என்று யாராவது ஒருவர் கட்டாயம் தாவீதைக் கூட்டிக்கொண்டு வருவார். மறுக்காதே, வேதத்தைத் திறந்து வாசிக்கச் சொல். தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னது தாவீது உயிரோடு, சிங்காசனத்தில் இருந்தபோது. தாவீது நாத்தான் மேல் வழக்குப் போடவில்லை. "கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றான். இவர் 2020 மே 19-ல் அப்படி ஒரு வார்த்தை சொல்லாமலே போனார். இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் மூப்பன் மேல் பிராது ஏற்காதே என்ற 1 தீமோத்தேயு 5:19-ஐயும் எடுப்பார்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல், "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்று இருக்கிறது.

"நாங்கள் மன்னித்துவிட்டோம்" என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தால் மெதுவாக நிறுத்து. அவர்களை ஏமாற்றினதற்கு அவர்கள் மன்னிக்கலாம். அந்தப் பெண்களுக்கு நடந்ததை மன்னிக்கிற உரிமை இவர்கள் கையில் இல்லை.

ஸ்தாபனத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரிட்டன் கிளை பிரிந்தது, உங்கள் கனடா கிளை மூடியது, பதிப்பகம் புத்தகங்களை அச்சிலிருந்து எடுத்தது, அவருக்கு ஊழிய அபிஷேகம் கொடுத்திருந்த கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ் என்ற சபைப் பிரிவு அவர் இறந்த பிறகும் அபிஷேகத்தை ரத்து செய்தது, அட்லாண்டா அலுவலகத்தில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். தப்பே செய்யாத குமாஸ்தாவும் அதில் உண்டு. அவர்களில் ஒருவர் வந்தால் நல்லது, பிரசங்கிகளை விட அவர் பேச்சில் விவரம் இருக்கும். உன் அலமாரியில் உள்ள அவருடைய புத்தகங்களை எரிக்க வேண்டாம், ஐக்கிய நூலகத்தில் மட்டும் வைக்காதே. அந்த அட்டையைப் பார்க்கிற பெண் யாராக இருப்பாள் என்று உனக்குத் தெரியாது.

ஒரு வேலையை அன்றைக்கே பிள்ளைகளைக் கொண்டு செய்ய வை. கனடாவில் பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம் எதுவானாலும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் டி3010 என்ற படிவம் கொடுக்க வேண்டும். வருமான வரித் துறையின் தளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம், இயக்குநர்கள் பெயரும் இருக்கும். உங்கள் ஐக்கியம் காணிக்கை அனுப்புகிற ஊழியங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரே குடும்பப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். நிறுவனர் மேல் புகார் வந்தால் அது யார் மேஜைக்குப் போகும் என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். அவருடைய காரியதரிசிக்கு என்று பதில் வந்தால், காணிக்கையை நிறுத்திவிட்டுக் காரணத்தையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரிக் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை உன்னிடம் தனியாக வந்து, வேறு ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடும். அதற்கு முன்னாலேயே தயாராக இரு. வாசல் திறந்திருக்கிற, ஆனால் பேச்சு வெளியே கேட்காத ஓர் அறையைப் பார்த்து வை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே, கொடுத்தால் காப்பாற்ற முடியாது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் ஒன்டாரியோ சட்டப்படி குழந்தைகள் நல சங்கத்துக்கு நீயே நேரில் தகவல் சொல்ல வேண்டும், பாஸ்டரிடம் சொன்னேன் என்பது போதாது. ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்காதே. அவள் போன பிறகு, தேதி, நேரம், அவள் சொன்ன சொற்கள் மூன்றையும் அன்று இரவே எழுதி வை, உன் கருத்து எதையும் சேர்க்காமல். சம்பந்தப்பட்டவரிடம் போய் "இப்படிச் சொல்கிறார்களே, உண்மையா" என்று நீ விசாரிக்கவே கூடாது. அப்படி விசாரித்தால் போனில் இருப்பது மறுநாள் இருக்காது.

அம்மா உனக்கு நாரத்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா