புத்தகம் வந்துவிட்டது: ஒரு நன்றி மடல்

அன்பானவர்களுக்கு,

நாவல் வந்துவிட்டது. கட்டுகள் எங்கள் வீட்டு விறாந்தையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. நடந்த இழுபறி உங்களுக்குத் தெரியும், திரும்பக் கிளற எனக்கு மனமில்லை. அச்சகத்தில் அச்சடித்த தாள்களைப் புத்தகமாகக் கட்டாமலேயே எடுத்துப் போகச் சொன்னார்கள் அல்லவா, அந்தத் தாள்கள் எப்படிப் புத்தகமாயின என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் தெரிந்த இடமெல்லாம் கைவிரித்த பிறகு ஒரு சின்ன பைண்டிங் கடையில் ஏற்றுக்கொண்டார்கள். அங்கே வேலை செய்கிற சிங்களத் தம்பிக்குத் தமிழ் ஓரளவு பேசவரும், வாசிக்கத் தெரியாது. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஊருக்குப் போகப் பை கட்டி வைத்திருந்தவர், "வச்சிட்டுப் போங்க அக்கா, பார்ப்போம்" என்றார்.

மாலையில் அவரிடமிருந்து அழைப்பு. பாரங்களை, அதாவது பதினாறு பதினாறு பக்கமாக மடித்த தாள்களை, அடுக்கி, மேசையில் தட்டித் தட்டி ஒழுங்கு பண்ணும்போது பார்த்தாராம்: 160ஆம் பக்கத்துக்கு அடுத்து 177. பதினோராவது பாரம் ஒரு பிரதிக்கும் இல்லை. தமிழ் வாசிக்கிற நாங்கள் யாரும் கவனிக்காததை அவர் எண்களை வைத்தே பிடித்துவிட்டார். என்னோடு த்ரீவீலரில் ஏறி பழைய அச்சகத்துக்கு வந்து, கழிவுத் தாள் கட்டுகளைப் பிரித்துத் தேடியதும் அவர்தான். எல்லாமே அங்கே இருந்தன. விடுமுறை முடிந்ததும் எடைக்குப் போயிருக்கும்.

அந்தப் பதினாறு பக்கங்கள் இல்லாமல் இந்த நாவல் இல்லை. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் அதில்தான் வருகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீடு, அந்த வீட்டுப் பிள்ளை, மலையகத் தோட்டத்திலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்ட இன்னொரு பிள்ளை. காடையர் கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தபோது இரண்டு பேரும் ஒரே மதிலேறிக் குதிக்கிறார்கள், அகதி முகாமில் ஒரே தரையில் படுக்கிறார்கள். எசமானி அம்மா முதல் தடவையாக அந்தப் பிள்ளையோடு ஒரே கோப்பையில் தேநீர் குடிக்கிறா. அப்புறம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் என்று அறிவிக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே பழையபடி ஆகிவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு யாழ்ப்பாணம் ஊர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு தோட்டத் தொழிலாளியின் பேத்திக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கலவரம் எல்லோரையும் சமமாக்கியது என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஒரு கிழமைகூட அது நீடிக்கவில்லை.

பசை பூசிக்கொண்டே கதையைக் கேட்டார் தம்பி. கப்பல் வரைக்கும் பேசாமல் இருந்தவர், "அந்தப் பிள்ளையையும் ஏத்தினாங்களா?" என்றார். நான் சொன்னேன். (வாசிக்கப் போகிறவர்களுக்காக இங்கே சொல்லவில்லை.) அவருடைய அம்மாவும் சின்ன வயதில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவவாம், படுக்கை குசினியில்தானாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. விடியும்வரை கட்டினார். மேலதிகக் கூலியை வாங்க மறுத்துவிட்டு, முதல் பஸ்ஸுக்கு ஓடினார்.

எழுதியவர், வெளியிட்டவர், அச்சிட்டவர், அட்டை வரைந்தவர் என்று முன்பக்கத்தில் எல்லோர் பெயரும் போடுகிறோம். கட்டியவர் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததாக நினைவில்லை. அடுத்த பதிப்பில், அவர் சம்மதித்தால், அந்தப் பெயர் வரும். நாவல் சிங்களத்தில் வரும்போது முதல் பிரதி அவருடைய அம்மாவுக்கு.

மற்றபடி, வெளியீட்டுக்கு மண்டபம் இல்லையென்றதும் தன் வீட்டு முற்றத்தைத் தந்த நண்பர், மெய்ப்புப் பார்த்த இரண்டு ஆசிரியைகள், ஹட்டனிலிருந்து வந்து தோட்டப் பேச்சைத் திருத்தித் தந்த அண்ணன், சண்டை பிடித்தவர்கள், சண்டை வேண்டாமென்று என்னை அடக்கியவர்கள், எல்லோருக்கும் நன்றி. பணம் அனுப்பியவர்களின் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். விற்க விற்கத் திருப்பித் தருவேன். வேண்டாம் என்கிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு மனம் மாறக்கூடாது.