'மண்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

நகர வீட்டு வசதித் துறைகளுக்கும், கட்டட அனுமதி தரும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் சின்ன மனைகளில் சின்ன வீடுகளுக்கு பிளான் போடுகிறவன். 300, 400 சதுர அடிக்குள் ஒரு குடும்பம் சமைத்து, துணி காயப்போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, படுத்து எழ வேண்டிய வீடுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்ணப்பத்தில் 'சுவர்: அழுத்திய மண்கல்' என்று எழுதியிருந்தேன், சூளையில் சுடாமல் இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கல் அது. கோப்பு அதே வாரம் திரும்பி வந்துவிட்டது. 'மண்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், வேறு குறிப்பு எதுவும் இல்லை. கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற சோதனை அறிக்கையையும் இணைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

பெரும்பாலான நகரங்களின் விதிகள் வீட்டை இரண்டாகப் பிரிக்கின்றன. கூரைக்குக் கான்கிரீட் தளம் போட்டால் நிரந்தரம், மற்றதெல்லாம் தற்காலிகம். சரி, அந்த நிரந்தர வீட்டுக்கு ஒரு கோடை இரவில் பத்து மணிக்குப் போய், கட்டில் மேல் ஏறி நின்று தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பமண்டலத்தில் மதிய வெயில் ஏறக்குறைய நேர் மேலிருந்து அடிக்கிறது. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் பக்கச் சுவர்கள் ஒன்றுக்கொன்று நிழல் தந்துவிடும், அடி வாங்குவது கூரைதான். மதியம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் சில மணி நேரம் பிடித்து வைத்திருந்து, ஆள் படுக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கீழே விடுகிறது. மின்விசிறி போட்டால் அந்தச் சூட்டைத்தான் தலையில் தள்ளும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. தளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதே இல்லை, அந்த வேலையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. அங்கே கம்பிகளுக்கு நடுவில் இரண்டிரண்டு ஓடுகளாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டால் சிமென்டும் மிச்சம், ஓடுகளுக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் மட்டுப்படுத்தும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பல ஆண்டுகள் இதைச் செய்து காட்டினார். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையையும் அவர் பரவலாக்கினார், அதில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் குறையும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் இன்னும் நல்லது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மண்ணில் கட்டும் எங்கள் ஆட்கள் மீதும் குறை உண்டு. உள்ளூர்ப் பொருள் என்று பேசிவிட்டு, நல்ல செம்மண்ணை நூறு மைல் தள்ளியிருந்து லாரியில் இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் உள்ளூர் எங்கே இருக்கிறது? விளைநிலத்து மேல்மண்ணைச் சுரண்டுவதும் எனக்குச் சம்மதமில்லை, இலைமக்கு கலந்த அந்த மண் கட்டுமானத்துக்கு உதவவும் உதவாது. நெரிசலான நகரத்தின் உள்ளூர்ப் பொருள் அந்த நகரத்தின் குப்பையில்தான் இருக்கிறது: அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது வெளிவரும் மண், இடித்த வீட்டுச் செங்கல், உடைத்த கான்கிரீட். நாம் காசு கொடுத்து ஊருக்கு வெளியே கொட்டச் சொல்கிறோம்.

அந்த மண் தேறுமா என்று முதல் கட்டமாகப் பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், மூடிக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் நொடிகளில் அடியில் உட்காரும். வண்டல் மெல்ல இறங்கும். களிமண் தெளிய ஒரு நாள்கூட ஆகும். மறுநாள் பாட்டிலின் பக்கத்தில் அளவுகோலை வைத்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மணல் தூக்கலாகவும் களி அளவாகவும் இருந்தால் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்தலாம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், நிழலில் ஈரம் காயாமல் நான்கு வாரம் வைத்தால் போதும். வீங்கிச் சுருங்கும் கரிசல் என்றால் சிமென்ட் மட்டும் போதாது, சுண்ணாம்பு வேண்டும், சில சமயம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கையால் அழுத்தும் சிறிய இயந்திரம் 1950களிலேயே கொலம்பியாவின் பொகோட்டாவில் உருவாகிவிட்டது, இது ஒன்றும் நேற்று வந்த வித்தை இல்லை.

அதே கொலம்பியாவில் 1999 ஜனவரியில் ஆர்மேனியா நகரை நிலநடுக்கம் உலுக்கியது. மோசமாகக் கட்டிய செங்கல், கான்கிரீட் வீடுகள் பல விழுந்தன. மூங்கில் சட்டத்தில் மண்ணோ காரையோ பூசிய பழைய வீடுகள் பல நின்றன. அங்கிருந்த அதிகாரிகள் அதை அதிசயம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடவில்லை. ஒன்றிரண்டு மாடி மூங்கில் சட்ட வீடுகளுக்கான விதிகளைத் தங்கள் நிலநடுக்கக் கட்டட விதிகளிலேயே சேர்த்தார்கள். மூங்கிலுக்கும் இப்போது பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்காமல் விட்டால் வண்டு துளைத்து, தரையில் மாவு மாதிரி தூள் கொட்டும்தான். அதற்கு மூங்கிலைத் தடை செய்வதா, ஊறவைத்ததற்குச் சான்று கேட்பதா?

இன்னொன்று, பக்கவாட்டு இடைவெளி. சின்ன மனையில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி விடச் சொல்கிறீர்கள். அந்தச் சந்தில் காற்றும் வராது, வெளிச்சமும் வராது, பக்கத்து வீட்டுச் சாக்கடைக் குழாய்தான் வரும். சுவரை ஒட்டிக் கட்ட விட்டுவிட்டு, அந்த இடத்தை வீட்டுக்கு நடுவிலோ பின்னாலோ திறந்த முற்றமாகக் கேளுங்கள். முன் ஜன்னலில் நுழைந்த காற்றுக்கு வெளியேற வழி கிடைக்கும்.

ஆகவே நான் கேட்பது, படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மாற்றுங்கள் என்பதுதான். 'சுவர் எதனால் ஆனது?' என்ற இடத்தில் எவ்வளவு பாரம் தாங்கும், நனைந்தபின் எவ்வளவு தாங்கும், கூரையின் அடிப்பக்கம் இரவில் எவ்வளவு சூடு என்று கேளுங்கள். கான்கிரீட்டுக்கும் அதே கேள்விகள்தான். அப்புறமும் நிராகரிப்பதாக இருந்தால் எந்தச் சோதனையில் எவ்வளவு குறைந்தது என்று எழுதித் தாருங்கள். கலவையை மாற்றி, கல்லை மறுபடி அழுத்திக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
அந்தக் கோப்பை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவன்