கோப்பில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் பெண்கள் வேலை செய்யும் சூழலைச் சீராக்கக் கைகொடுத்த எல்லோருக்கும், பெண் பணியாளர்கள், ஆய்வு மாணவியர் சார்பில் இந்த மடல். அதற்கான ஆணையில் கையெழுத்திட்டவர்களுக்குக் கூட்டத்திலேயே நன்றி சொல்லியாயிற்று. அந்த ஆணை கழிப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் வந்து சேரும்வரை உழைத்தவர்கள் பலரின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. இது முதலில் அவர்களுக்கு.

துப்புரவுப் பணியாளர்களே, அடிக்கடி அடைத்துக்கொண்ட கழிப்பறைகளின் உண்மைக் காரணத்தைச் சொன்னது நீங்கள்தான். நாப்கினுக்குள் இருக்கும் உறிஞ்சுபொருள் தண்ணீர் பட்டதும் பல மடங்கு ஊதிக் குழாய் வளைவில் சிக்கிக்கொள்கிறது. "உள்ளே போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டினால் மட்டும் இது நிற்காது. தொட்டி கைகழுவும் இடத்தில் இருந்தால், பயன்படுத்திய நாப்கினைக் கையில் பிடித்துக்கொண்டு பலர் முன்னே வர எவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ள தொட்டி, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், கதவில் பை மாட்ட ஒரு கொக்கி என்று நீங்கள் கேட்டது அத்தனையும் சரி. எரிப்பான் இயந்திரம் வேண்டாம் என்றதும் சரி. சிறிய மின் எரிப்பான்களில் பெரும்பாலும் போதிய வெப்பம் எழுவதில்லை. ஈரமான நாப்கினும் அதிலுள்ள பிளாஸ்டிக்கும் அரைகுறையாகக் கருகி, புகைபோக்கி இல்லாத அறையில் நச்சுப்புகையை நிரப்பும். அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்பவர்தான். இப்போது நாளுக்கு இருமுறை தொட்டி காலியாகிறது. அள்ளுபவருக்குத் தடித்த கையுறையும் கிடைக்கிறது.

கட்டடப் பிரிவினருக்கு நன்றி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம பரப்பு கொடுத்தால் சமம் ஆகிவிடாது என்பதை வரைபடத்திலேயே காட்டினீர்கள். ஆண்கள் பக்கத்தில் சிறுநீர்க் கலன்கள் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். பெண்கள் பக்கத்தில் எல்லாமே தனித் தடுப்புகள், ஒருவருக்கு ஆகும் நேரமும் கூடுதல். சதுர அடியை விட்டுவிட்டுக் கழிப்பறை இருக்கைகளை எண்ணியதால்தான் வகுப்பு இடைவேளையில் வரிசை குறைந்திருக்கிறது.

மின் பணியாளர்கள் செய்தது சிறிய வேலை, பெரிய நிம்மதி. அசைவை உணர்ந்து எரியும் விளக்கின் உணரி வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தடுப்புக்குள் இருப்பவரை அது அறியாது. இரண்டு நிமிடத்தில் இருட்டாகிவிடும். உணரியைத் தடுப்புகளுக்கு மேலே நகர்த்தி, அணையும் நேரத்தை 15 நிமிடமாக்கினீர்கள். வெளிப்பாதையில் கம்பம் புதிதாக நடவில்லை. மரக்கிளைகளுக்கு மேலே இருந்த விளக்குகளைக் கிளைகளுக்குக் கீழே இறக்கியதுமே வெளிச்சம் தரைக்கு வந்துவிட்டது.

நூலகத்தில் பாலூட்டும் அறைக்கு இடம் விட்டவர்களுக்குத் தனி வணக்கம். பல இடங்களில் இந்த அறை பெயருக்கு இருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுக்க ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படலாம். சாவி தேடுவதிலேயே இடைவேளை போய்விட்டால் பால் கட்டிக்கொள்ளும், வலியும் காய்ச்சலும் வரும். அதனால்தான் உள்தாழ்ப்பாள், நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் மின்செருகுவாய், கைகழுவத் தொட்டி, 4 டிகிரியில் நிற்கும் குளிர்பெட்டி எல்லாம் வேண்டும் என்றோம். ஒன்றையும் விடாமல் செய்தீர்கள். எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரமும், குளிர்பெட்டியில் 4 நாளும் தாங்கும். புட்டியில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

ஆய்வக உதவியாளர்களுக்கு: சிறிய அளவுக் கையுறையும் மேலங்கியும் வாங்கிவைத்தது அழகுக்காக அல்ல. தொளதொளத்த கையுறையில் பிடி நழுவும். நீண்ட கைப்பகுதி சுடரிலும் சுழலும் கருவியிலும் மாட்டும். கதிர்வீச்சுப் பிரிவில், கருவுற்றதைத் தெரிவித்தவருக்கு வயிற்றுமட்டத்தில் அணிய, உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் இன்னொரு அளவுமானி தருகிறீர்கள். மீதிக் கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவுக்குப் படும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட் அளவைத் தாண்டக் கூடாது என்ற பன்னாட்டுப் பரிந்துரையைக் கடைப்பிடிக்க அந்த அளவுமானி அவசியம். வேலை மாற்றிக் கொடுக்கும்போது ஆய்வுத் தலைப்பைப் பறிக்காமல் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளர்களுக்கும் நன்றி.

துறைக் கூட்டங்களை மாலை 4 மணிக்குள் முடிப்பவர்களுக்கும், மகப்பேறு விடுப்பு அளவுக்கு உதவித்தொகைக் காலத்தை நீட்டிக் கணக்கிட்ட நிதிப் பிரிவுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. விடியுமுன் வேலைக்கு வரும் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்கள் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் உடை மாற்றுகிறார்கள். மேலே சொன்ன கழிப்பறை வசதிகளுக்கு வழிகாட்டியவர்கள் அவர்கள். தாழ்ப்பாளுள்ள ஓர் அறை, பூட்டும் பெட்டிகள், உட்கார இருக்கை, குடிநீர்: அடுத்த ஒப்பந்தப் புள்ளி கோரும் முன் இவற்றை நிபந்தனைகளில் சேர்த்துவிடுங்கள். அதற்கான அளவுகளும் வரைபடமும் கட்டடப் பிரிவிடம் கொடுத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
பெண் பணியாளர்களும் ஆய்வு மாணவியரும்