எங்கள் பெயர்களை எண்களாக்கும் இணையத்தளம்: ஒரு திறந்த மடல்

இணையவழி விண்ணப்பச் சேவையை நடத்தும் தகவல் தொழினுட்பப் பிரிவினருக்கு,

மதிப்புக்குரியோரே,

கடந்த வாரம் உங்கள் தளத்திலிருந்து அச்சிட்ட பற்றுச்சீட்டுடன் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா எமது கொமினிகேசனுக்கு (தொலைபேசி, இணையச் சேவைக் கடைக்கு) திரும்பி வந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்தான 'க', க என்று அச்சாகியிருந்தது; மற்ற எழுத்துகளும் அவ்வாறே. கருமபீடத்தில் இருந்தவர், "இது ஆற்றை பேர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். 2009 இல் ஆவணங்கள் அனைத்தையும் இழந்து, தாம் இன்னார்தான் என்று நிறுவுவதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய ஒருவரிடம் கேட்கத்தக்க கேள்வியா அது?

இதன் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். உங்கள் படிவப் பக்கம் இன்னமும் பழைய இலத்தீன் குறியாக்கத்தில் இருப்பதால், அதில் இடமில்லாத தமிழெழுத்துகளை உலாவி (பிரௌசர்) எண்குறிகளாக மாற்றி அனுப்புகிறது. அவ்வெண்குறியின் தொடக்கத்தில் உள்ள & குறியை பக்கத்தை ஆக்கும் உங்கள் வார்ப்புரு மீண்டும் எஸ்கேப் செய்வதால், அதாவது கட்டளையாக அல்லாமல் வெறும் எழுத்தாகவே காட்டும்படி மாற்றுவதால், எழுத்தாகத் திரும்ப வேண்டியது எண்ணாகவே திரையில் நின்றுவிடுகிறது. விலாசத்தின் நிலை இன்னும் மோசம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு இலக்கமிடும் யுனிகோட்டில் 'புதுக்குடியிருப்பு' என்பது, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணினால், 18 குறிகள். உங்கள் தளத்திலோ ஒவ்வொரு குறியும் ஏழு எழுத்தாகி, அது 126 எழுத்துகளாகிப் பெட்டியின் எல்லையைத் தாண்டி நடுவில் வெட்டுப்படுகிறது. ஊரே பாதியில் நின்றுபோன பின்னர் வீதியையும் வீட்டு இலக்கத்தையும் எங்கே எழுதுவது?

எமது கோரிக்கை ஒன்றே. பக்கங்களையும் தரவுத்தளத்தையும் யுனிகோட்டின் யூ.ரி.எஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றி, தமிழைத் தமிழாகவே சேமியுங்கள். எஸ்கேப் செய்வதை வெளியிடும் இடத்தில் ஒரே ஒரு முறை செய்யுங்கள். அவசரத்தில் யாராவது வார்ப்புருவின் எஸ்கேப்பையே நிறுத்திவிட்டால் திரையில் தமிழ் சரியாகத் தெரியும் என்பது உண்மைதான்; ஆனால் அதன் பின்னர் எவரும் தமது பெயர்ப் பெட்டியில் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது உலாவி இயக்கும் நிரலை எழுதி, அதைத் திறக்கும் அலுவலரின் கணக்கில் கைவைக்கலாம். இணையத்தளம் கட்டும் மென்பொருள்களான ஜாங்கோ 2008 இலும் ரெயில்ஸ் 2010 இலும் இந்தப் பாதுகாப்பை இயல்பாகவே சேர்த்தமை வீணுக்கல்ல. திரையை மட்டும் சரிசெய்தால், களஞ்சியத்தில் எண்களே கிடக்கும். பெயரைக் கொண்டு தேடினாலும் ஆள் கிடைக்கமாட்டார்.

அரசியலமைப்புக்கான 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் ஆட்சிமொழி. 1991 இல் யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இவ்விரண்டுக்கும் பின்னர் கட்டப்பட்ட ஒரு தளத்துக்கு எங்கள் எழுத்து அந்நியமாயிருப்பது எவ்வாறு என்று கேட்டால் நீங்கள் கோபிக்கக்கூடும், ஆகவே கேட்கவில்லை. முகப்புப் பக்கத்தில் 'தமிழ்' என்ற பொத்தான் மிக அழகாகவே இருக்கிறது.

மீண்டும் பணிவுடன் கேட்கிறோம்: தமிழைத் தமிழாகச் சேமியுங்கள், ஒரு முறை மட்டும் எஸ்கேப் செய்யுங்கள். ஏற்கெனவே எண்ணாகிப்போன பதிவுகளை எழுத்துக்கு மீட்டு, வெட்டுப்பட்ட விலாசங்களை உரியவர்களிடமிருந்து கட்டணமின்றி மறுபடி பெற்றுக்கொள்ளுங்கள். அதுவரை, பற்றுச்சீட்டின் தொடரிலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொண்டு விண்ணப்பங்களை ஏற்குமாறு கருமபீடங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பிவைப்பீர்களாயின் நன்றியுடையோராயிருப்போம்.

இங்ஙனம்,
ஒட்டுசுட்டானில் கொமினிகேசன் நடத்தும் ஒருவர்