அந்தத் தீர்மானம் வேண்டாம்: நம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூரில் நம் பகுதிச் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்று தீர்மானம் போடப் போகிறீர்களாம். இலவச அரிசிக்காக வருகிறார்கள், ஒரே தெருவில் கும்பலாகத் தங்குகிறார்கள் என்பது காரணம். முதல் பேச்சு தவறு. இரண்டாவதற்குக் காரணம் நாம்தான்.

நாம் வாங்கும் விலையில்லா அரிசி தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்கு உரியது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அப்படியே. பீகார், ஒடிசா அட்டைக்கு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் பெரும்பாலும் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம்தான். அதுவும் சொந்த ஊரில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு. ஊரில் குடும்பம் முழுவதையும் வாங்கிவிட்டால் இங்கே எதுவும் கிடையாது. சிமென்டில் தேய்ந்த கைரேகையை மெஷின் ஏற்காமல் வெறும் பையோடு திரும்புகிறவர்களும் உண்டு.

அப்புறம், நல நிதிக்குப் பணம் சேர்வதே இவர்கள் உழைப்பில்தான். அடுக்குமாடி கட்டும் செலவில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது. சட்டப்படி, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குட்பட்ட எந்த மாநிலத்தவரும் நல வாரியத்தில் பதியலாம். ஆனால் வேலைச் சான்று கேட்டால் மேஸ்திரி இழுத்தடிப்பார். அதற்குள் சைட் மாறிவிடும்.

சரி, ஏன் ஒரே தெரு? மற்ற தெருக்களில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்கிறோம். இடம் தருகிற ஒன்றிரண்டு பேர் தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசி அறையை நிரப்புகிறார்கள். பாஷை தெரியாத ஊரில் சொந்த ஊர்க்காரர் பக்கத்தில் தங்குவது யாருக்கும் இயல்பு. திருநெல்வேலியிலிருந்து போனவர்கள் மும்பை தாராவியிலும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியிலும் சேர்ந்துதான் குடியேறினார்கள். மும்பையில் 1966இல் தொடங்கிய சிவசேனா கட்சி தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பியபோது நம்மவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா?

கழிவுநீர் தெருவில் வழிகிறது என்ற கோபம் நியாயமானது. ஆனால் இருபது பேருக்கு ஒரே கழிப்பறை வைத்து வாடகை வாங்குகிறவர் நம் சங்க உறுப்பினர். அவரைக் கேளுங்கள்.

இந்தத் தீர்மானத்தைக் கைவிடுங்கள். ஆள்கணக்கில் வாடகை வாங்குகிறவர்கள் போதுமான கழிப்பறை கட்டி, எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தொழிலாளர் துறையை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நல வாரியப் பதிவு முகாம் நடத்துங்கள். இந்தியும் ஒடியாவும் தெரிந்தவர்களை நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்